குழாய்ச் சத்தம்

பல்லியைக் கண்டால் பயம் என்று சொல்லிப் பாருங்கள், நாலு பேர் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அதில் ஒருவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு உதவிக்கும் வருவார். கண்ணாடிக் கடை முதலாளி அப்படிப் பிழைத்துக்கொண்டிருந்தவர்தான். ஆறடி உயரம், முறுக்கிய மீசை, வாடிக்கையாளரையே அதட்டிப் பேசுகிற குரல். சுவரில் ஒரு பல்லி வாலை ஆட்டிவிட்டால் போதும், ஸ்டூல் மேல் ஏறி நின்றுகொண்டு "யாராவது வாங்களேன்" என்று கெஞ்சுவார். கடையில் எல்லாருக்கும் இது தெரியும். அவரே இதைச் சொல்லிச் சிரிப்பார். பயத்துக்கு இப்படி நாலு பேர் அறிய ஓர் இடம் கிடைத்துவிட்டால் மனிதன் அதோடு குடித்தனமே நடத்திவிடலாம்.

அந்தக் கடையின் பின்னறையில் லென்ஸ் வெட்டிப் பொருத்துகிறவளைப் பற்றியதுதான் இந்தக் கதை. குடியிருப்பில் அவளைக் கண்ணாடிக்காரி என்பார்கள். வேலையில் கெட்டிக்காரி. ஃபிரேமை லேசாகச் சூடாக்கி, லென்ஸை உள்ளே அழுத்தி, கடுகளவு திருகாணியை முடுக்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். அரை மில்லிமீட்டர் கோணல் என்றாலும் கழற்றிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். அவள் கை பட்ட கண்ணாடி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று முதலாளி பீற்றிக்கொள்வார். அவளுக்கும் ஒரு பயம் இருந்தது. ஆனால் அது சொல்லிச் சிரிக்கிற ரகம் இல்லை.

வாந்தி. அவ்வளவுதான். யாராவது எதிரே வாந்தி எடுத்துவிடுவார்களோ, தானே எடுத்துவிடுவோமோ என்கிற பயம். வெளியே சொன்னால், "யாருக்குத்தான்மா வாந்தி பிடிக்கும்?" என்பார்கள். அங்கேதான் அவள் பேச்சு அடைத்துப்போகும். பிடிக்காதது வேறு. சாக்கடையும்தான் அவளுக்குப் பிடிக்காது, மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போய்விடுவாள். இது அருவருப்பு இல்லை, உயிர்ப்பயம். மொட்டைமாடி விளிம்பில் யாரோ காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால் நெஞ்சுக்குள் என்ன நடக்குமோ, அது நடக்கும். உள்ளங்கை வியர்க்கும், காது அடைக்கும், கால்கள் அவளைக் கேட்காமலே கிளம்பிவிடும்.

அதனால் அவள் வாழ்க்கை முழுக்க முன்னேற்பாடுதான். பாலை மூன்று தடவை முகர்ந்து பார்ப்பாள். ரொட்டிப் பாக்கெட்டில் தேதியைக் கடையிலும் படிப்பாள், வீட்டிலும் படிப்பாள், தின்னும்போதும் படிப்பாள். பஸ்ஸில் கதவோரம்தான் உட்காருவாள். பக்கத்தில் யாராவது கண்ணை மூடிச் சாய்ந்தால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி நடப்பாள். அவள் கடைசியாக வாந்தி எடுத்தது பதினோரு வயதில். அன்றைய தேதி, கிழமை, போட்டிருந்த சட்டையின் நிறம் எல்லாம் நினைவிருக்கிறது. கட்டிய கணவனின் பிறந்த நாளை மட்டும் யாராவது நினைவுபடுத்த வேண்டும்.

பின்னறையில் அவளுக்கு நிம்மதி தந்தது லென்ஸ் வெட்டுகிற மெஷின். கல் சக்கரம் சுழலும்போது சூடேறாமல் இருக்க அதன்மேல் தண்ணீர் பீய்ச்சியடித்துக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் கடையின் முன்பக்கத்தில் யார் இருமினாலும் தும்மினாலும் கேட்காது. தண்ணீர்ச் சத்தம் எல்லாச் சத்தத்தையும் தின்றுவிடும் என்பதை அவள் அங்கேதான் கற்றுக்கொண்டாள். அதைக் கற்றுக்கொள்ளாமலே இருந்திருக்கலாம்.

கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நல்ல மனுஷன், வார்த்தையை எண்ணிப் பேசுகிற ஆள். அவனுடைய அக்காவுக்கு லிஃப்ட் என்றால் குலைநடுக்கம்! தம்பி லிஃப்ட்காரன், அக்கா லிஃப்ட்டுக்குள் காலே வைக்க மாட்டாள். இரண்டு தெரு தள்ளித் தரைத்தளத்தில் குடியிருந்த அவள், இவர்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஆறு மாடியும் படியேறித்தான் வருவாள். இரண்டாவது மாடியில் ஒருவரிடம் குசலம், நாலாவது மாடியில் இன்னொருவரிடம் வம்பு என்று வந்து சேர அரை மணி நேரம் ஆகும். "உன் புருஷன் ரிப்பேர் பண்ணின பெட்டியில நான் ஏறணுமா? சின்ன வயசுல அவன் சைக்கிள் ரிப்பேர் பண்ணினதையே நான் பார்த்தவ" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். குடியிருப்பில் அவளுக்கே 'படிக்கட்டு அத்தை' என்று பெயர் விழுந்துவிட்டது. அந்தச் சிரிப்பில் கண்ணாடிக்காரியும் கலந்துகொள்வாள், கொஞ்சம் பொறாமையோடு.

கல்யாணமாகி ஐந்து வருஷம் அவள் பிள்ளையைத் தள்ளிப்போட்டாள். காரணத்தைச் சொல்லத் தேவையில்லை, மசக்கைதான். ஆனால் கடைசியில் பிள்ளை வயிற்றில் தங்கியபோது ஒரு நாள்கூடக் குமட்டவில்லை. வயிற்றிலிருக்கிற பிள்ளைக்கே தன்மேல் இரக்கம் என்று நம்பி, ராத்திரி பகலாக அதைக் கொஞ்சினாள். பெண் பிறந்தது. உருவத்தில் சிறிசு, அதனால் பொடிசு. கைக்குழந்தை பால் கக்குவதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அது வேறு, அதில் அந்தச் சத்தம் இல்லை. பிள்ளை தன்னைக் குணப்படுத்திவிட்டதாகக்கூட நினைத்தாள்.

பொடிசுக்கு இரண்டரை வயதாக இருக்கும்போது ஒரு மத்தியானம், தரையில் விளையாடிக்கொண்டிருந்தது திடீரென்று அசைவில்லாமல் உட்கார்ந்தது. முகம் வெளுத்தது. கண்ணாடிக்காரிக்கு அந்த அமைதி தெரியும். அடுத்து அவளுக்கு நினைவிருப்பது தெருவோரம் வெறுங்காலோடு நின்றதுதான். ஆறு மாடியை எப்படி இறங்கினாள், கதவை எப்போது சாத்தினாள், ஒன்றும் தெரியாது. உள்ளே குழந்தை தனியாக அழுதுகொண்டிருந்தது. எதிர் வீட்டு அம்மாள், தன்னிடம் கொடுத்துவைத்திருந்த மாற்றுச் சாவியால் திறந்து தூக்கினாள். தூக்கியதோடு நிறுத்தாமல், "பெத்த பிள்ளையைப் போட்டுட்டு ஓடினவ" என்று மாடி மாடியாகச் சொல்லியும் வைத்தாள். கணவன் திட்டவில்லை. தரையைத் துடைத்துவிட்டு, "இனிமே என்னைக் கூப்பிடு, நான் வந்துடறேன்" என்றான். திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கூப்பிட்டால் வருகிற வேலையா அவனுடையது? லிஃப்ட் குழிக்குள் இறங்கிவிட்டால் போன் எடுக்காது. ஆகவே பொடிசுக்கு ஐந்து வயதானபோது கண்ணாடிக்காரி அதற்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தாள், விளையாட்டு மாதிரி.

"வயிறு புரட்டினா என்ன பண்ணணும்?"

"பாத்ரூமுக்கு ஓடணும்."

"ஓடி?"

"தாழ்ப்பாள் போடணும். குழாயைப் பெரிசாத் திறக்கணும்."

"அப்புறம்?"

"எல்லாம் கழுவிட்டு, வாய் கொப்பளிச்சுட்டு, குழாயை மூடிட்டு வரணும்." பொடிசு ஒரு நொடி யோசித்தது. பிறகு தானாகவே, "அம்மாகிட்டச் சொல்லக் கூடாது" என்று சேர்த்துக்கொண்டது.

அந்தக் கடைசி வரியை அவள் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் அதைத் திருத்தவும் இல்லை. குழந்தையை இழுத்து அணைத்து, "என் சமத்து" என்றாள்.

பாடம் நன்றாக வேலை செய்தது. வருஷத்துக்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோ குழாய் பெரிதாகத் திறக்கும். உடனே கண்ணாடிக்காரி சமையலறைக்குள் போய் வெறும் மிக்ஸியை ஓடவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வாள். அங்கே குழாய் மூடும், இங்கே மிக்ஸி நிற்கும். பொடிசு முகம் கழுவிய கோலத்தில் வந்து நிற்கும். இரண்டு பேரும் எதுவும் நடக்காத மாதிரி இருப்பார்கள். இதைக் கேள்விப்பட்டபோது நாத்தனாருக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, ஒரு பிள்ளை வாந்தி எடுக்கிறப்ப நெத்தியைப் பிடிச்சுக்க ஒரு கை வேண்டாமா? உனக்கு முடியலைன்னா என்னைக் கூப்பிடு, நான் பிடிச்சுக்கறேன்" என்றாள். நீங்கள் ஆறு மாடி ஏறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடுமே என்று நினைத்தாள் கண்ணாடிக்காரி.

பள்ளிக்கூடத்து டீச்சர் ஒரு நாள் வாசலில் நிறுத்திப் பாராட்டினாள். "உங்க பொண்ணு மாதிரி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லைங்க. வாந்தி வந்தா யாரையும் தொந்தரவு பண்றதில்லை. தானே போய் எடுத்துட்டு, கழுவிட்டு, வந்து கணக்குப் போட உட்கார்ந்துக்கறா. என்ன சொல்லி வளர்த்தீங்க?" பாராட்டைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து அப்படி அழுத தாய் வேறு யாரும் இருக்க மாட்டாள்.

அந்த அழுகைதான் அவளை மனநல டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்தியது. டாக்டரம்மா பொறுமைசாலி. ஒரு தாளில் பன்னிரண்டு படிகள் எழுதினாள். முதல் படி, அந்த வார்த்தையைக் காகிதத்தில் எழுதுவது. இரண்டாவது, வாய்விட்டுச் சொல்வது. மூன்றாவது, படம் பார்ப்பது. நாலாவது, பதிவு செய்த சத்தத்தைக் கேட்பது. இப்படியே போய்ப் பன்னிரண்டாவது படியில், வாந்தி எடுக்கிற மகளின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது. முதல் மூன்று படிக்கு ஏழு மாதம் ஆனது. ஏறினாள், பொய் சொல்லக் கூடாது. நாலாவது படியில் டாக்டரம்மா சத்தத்தைப் போட்ட மூன்றாவது நொடியில் கண்ணாடிக்காரி மாடிப்படியில் இருந்தாள், கைப்பை நாற்காலியிலேயே கிடந்தது. அதை எடுக்கக்கூட அவள் திரும்பிப் போகவில்லை, கணவன்தான் போய் வாங்கி வந்தான். நாத்தனார் மூச்சு வாங்கிக்கொண்டு ஆறு மாடி ஏறுகிறாள், நான் ஒரு தாளில் எழுதிய நாலாவது படியில் உருண்டுவிட்டேன் என்று தன்னைத் தானே கிண்டல் செய்துகொண்டாள். கிண்டலில் பயம் போகும் என்றால் எப்போதோ போயிருக்கும்.

பொடிசுக்கு எட்டு வயது. அது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. எங்கேயோ லிஃப்ட்டில் ஆட்கள் மாட்டிக்கொண்டார்கள் என்று கணவன் கிளம்பிப் போயிருந்தான். பொடிசு முந்தின நாளிலிருந்தே சோர்வாக இருந்தது. வயிறு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டுக்கொண்டேதான் இருந்தாள், ஒரு மணி நேரத்துக்கு நாலு தடவை. "நல்லா இருக்கும்மா" என்றுதான் பதில் வந்தது. அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் வேறு பதில் கிடையாது.

குழாய் பெரிதாகத் திறந்தது. கண்ணாடிக்காரி சமையலறைக்குப் போய் மிக்ஸியைப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து நிறுத்திப் பார்த்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி மிக்ஸியைப் போட்டாள். மறுபடி நிறுத்தினாள். மிக்ஸி சூடேறி வாடை அடித்தது, குழாய் மட்டும் நிற்கவில்லை.

"பொடிசு, முடிஞ்சுதாம்மா?"

தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று சொல்லிக்கொண்டாள். இன்னும் சத்தமாகக் கூப்பிட்டாள். கூப்பிட்ட இடம் கூடத்தின் அடுத்த கோடி. அங்கிருந்து பாத்ரூம் கதவு எட்டடி. கால்மணி ஆயிற்று. கதவுக்குக் கீழேயிருந்து தண்ணீர் மெல்ல வெளியே வந்து மிதியடியை நனைத்தது.

கணவனுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. நாத்தனாருக்குப் போட்டாள். "அண்ணி, பொடிசு பாத்ரூம்ல... குழாய் நிக்கவே இல்ல அண்ணி" என்றாள். அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம்தான் கேட்டது. எதிர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கலாம். அந்த அம்மாள் அன்றைக்கு வீட்டில்தான் இருந்தாள், அவளுடைய டிவி இங்கே கேட்டது. இரண்டரை வயதில் நடந்ததை ஆறு மாடிக்கும் சொன்ன வாய் இதை எத்தனை மாடிக்குச் சொல்லும் என்று ஒரு யோசனை வந்து அவளைத் தடுத்தது. பிள்ளை உள்ளே கிடக்கும்போதா மானம் அவமானம் பார்ப்பார்கள் என்று கேட்காதீர்கள். அதை அவளே தன்னைக் கேட்டாயிற்று, இன்றுவரை கேட்டுக்கொண்டும் இருக்கிறாள்.

இன்னொன்றும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் கதை பொய்யாகிவிடும். அந்தத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தே திறக்கலாம். பொடிசு மூன்று வயதில் ஒரு தடவை உள்ளே மாட்டிக்கொண்டபோது கணவன் காட்டிக்கொடுத்திருந்தான். கதவிடுக்கில் மெல்லிய திருப்புளியை விட்டு மேலே நெம்பினால் போதும், பத்து நொடி வேலை. கண்ணாடித் திருகாணி முடுக்குகிற திருப்புளி எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும். அதை எடுத்தாள். எடுத்துக்கொண்டு நடந்தாள். ஆறடி நடந்தாள். இன்னும் இரண்டடி. கடுகளவு திருகாணியை நடுக்கமில்லாமல் முடுக்குகிற விரல்கள் திருப்புளியைப் பிடிக்க முடியாமல் ஆடின. கதவிடுக்கிலிருந்து அந்த வாடை வந்தது.

என் பிள்ளை, என் பிள்ளை என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது. கால்கள் அவளை வாசலுக்குக் கொண்டுபோய்விட்டன.

நாத்தனார் வந்தபோது கண்ணாடிக்காரி வாசற்படியில் திருப்புளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தத் தடவை படிக்கட்டில் குசலமும் இல்லை, வம்பும் இல்லை. ஆறு மாடியை அந்தக் கனத்த உடம்பு எப்படித்தான் ஏறியதோ, முகம் ரத்தமாகச் சிவந்திருந்தது. எதுவும் கேட்காமல் திருப்புளியைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாள் நெம்பும் சத்தம். பிறகு, "ஐயோ, என் கண்ணே!" குழாய் நின்றது.

பொடிசைத் தோளில் போட்டுக்கொண்டு நாத்தனார் வெளியே வந்தாள். துவண்டு தொங்கிய குழந்தையின் உடம்பு கொதித்தது. அம்மா பொருத்திக்கொடுத்த அதன் கண்ணாடி ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டிருந்தது. நாத்தனார் படிக்கட்டைப் பார்த்தாள். லிஃப்ட்டைப் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள். கதவு திறந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, குழந்தையின் தலையைத் தன் கழுத்தில் அழுத்திக்கொண்டு உள்ளே ஏறிவிட்டாள். அறுபது வயதில் முதல் தடவையாக. கதவு மூடுவதற்குள் அவள் உதடு என்னவோ முணுமுணுத்ததைக் கண்ணாடிக்காரி பார்த்தாள். பார்த்துவிட்டுப் படிக்கட்டில் இறங்கி ஓடினாள்.

குடல்வால் வெடித்து, சீழ் வயிற்றுக்குள் பரவியிருந்தது. ஆபரேஷனுக்கு முன் ஓர் இளம் டாக்டர் தாளை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"வாந்தி எப்ப ஆரம்பிச்சுது?"

"இன்னிக்கு... பதினொரு மணிக்கு."

"இன்னிக்கா? பாப்பா நேத்துக் காலையிலேர்ந்துன்னு சொல்லுது. எத்தனை தடவை எடுத்துது?"

"தெரியலைங்க."

"வலி எப்பலேர்ந்து?"

"தெரியலைங்க."

அவர் பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். "நீங்க அம்மாதானே?"

அவள் தலையாட்டினாள். முந்தின நாள் அவள் கடையில் இருந்தபோது, குளித்துக்கொண்டிருந்தபோது, கீழே பால் வாங்கப் போயிருந்தபோது என்று நேரம் பார்த்துப் பார்த்துப் பொடிசு ஐந்து தடவை வாந்தி எடுத்திருந்தது. பாடத்தை அம்மாவைவிட நன்றாகப் படித்திருந்தது. வலியைச் சொன்னால் வாந்தியையும் சொல்ல வேண்டிவரும் என்று வலியையும் விழுங்கிவிட்டது.

பிழைத்துக்கொண்டது. ஒன்பது நாள் வார்டில் கிடந்தது. பிள்ளைகள் வார்டு என்றால் கேட்க வேண்டுமா? கட்டிலுக்குக் கட்டில் தகரக் கிண்ணம், பகல் முழுக்க எங்காவது ஒரு குழந்தை குமட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடிக்காரி ஒன்பது நாளும் காலை முதல் சாயங்காலம் வரை ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். வார்டுக்கு வெளியே, மருந்து வாங்குகிற ஜன்னலுக்குப் பக்கத்தில். இரண்டு தடவை கதவு வரை போனாள். ஒரு தடவை கதவுக்கண்ணாடி வழியாக நாத்தனார் பொடிசின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு குனிந்திருப்பதைப் பார்த்தாள். பிள்ளையின் முகம் தெரியவில்லை. நாத்தனாரின் கை மட்டும் தெரிந்தது. அகலமான, அசையாத கை. கோணலாகிப்போன பொடிசின் ஃபிரேமை அந்த ஜன்னலோரத்தில் உட்கார்ந்து நிமிர்த்தி, துடைத்து, நாத்தனாரிடம் கொடுத்தனுப்பினாள். அந்த ஒன்பது நாளில் அவள் மகளுக்குச் செய்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு அனுப்புகிற நாள் கணவன் வராந்தாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவன் முகம் ஒரே வாரத்தில் கிழடு தட்டியிருந்தது.

"கொஞ்ச நாள் அக்கா வீட்டுல இருக்கட்டுமா?"

"இருக்கட்டுங்க" என்றாள். அவன் கேள்வியை முடிப்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். சொன்ன வேகம் இரண்டு பேருக்கும் கேட்டது. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கிய மாதிரி இருந்தது அவளுக்கு. அந்த லேசான மூச்சுக்காக அவள் தன்னை மன்னிக்கப்போவதில்லை.

கொஞ்ச நாள் என்பது ஒரு வருஷம் ஆயிற்று. பள்ளிக்கூடம் அங்கிருந்து கிட்டே, தரைத்தளம், பின்பக்கம் விளையாட இடம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். உண்மைக் காரணத்தை யாரும் எடுக்கவில்லை. கண்ணாடிக்காரி வாரம் இரண்டு தடவை போவாள். போனால் வாசலிலேயே, "அண்ணி, அவ வயிறு எப்படி இருக்கு?" என்பாள். நல்லாயிருக்கு என்ற பதில் வந்தால்தான் உள்ளே போவாள். ஒரு தடவை பதில் வர ஒரு நொடி தாமதமானது. வாங்கிப்போன பழத்தை வாசலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஒரு நாள் அவள் நாத்தனாரிடம் கேட்டாள். "அண்ணி, அன்னிக்கு எப்படி ஏறினீங்க?"

நாத்தனார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "எப்படின்னு கேட்டா? ஏறினேன், அவ்வளவுதான். அன்னிக்கு அப்புறம் ஏறலை, இனிமேலும் ஏற மாட்டேன். அந்தப் பெட்டியை நினைச்சா இப்பவும் கை கால் ஒதறுது." தலை நிமிராமல் இன்னொரு வெங்காயத்தை எடுத்தாள். "பயம் போகலைம்மா. பிள்ளை கையில இருந்துது."

சமாதானத்துக்காகச் சொன்னதுதான், குத்துவதற்காக இல்லை. ஆனால் கண்ணாடிக்காரிக்கு அதற்குப் பிறகு ஒளிந்துகொள்ள இடமில்லாமல் போயிற்று. பயம் போனவர்கள்தான் ஏறுவார்கள் என்று அதுவரை ஒரு சாக்கு இருந்தது. டாக்டரம்மாவிடம் மறுபடி போனாள். மூன்றாவது படியிலிருந்து தொடங்கலாம் என்றாள் டாக்டரம்மா. இந்தத் தடவை அவளால் மூன்றாவது படிகூட முடியவில்லை. படத்தில் இருந்தது யாரோ ஒரு குழந்தை, அவளுக்குப் பொடிசாகத் தெரிந்தது. அதோடு அவள் போவதை நிறுத்திவிட்டாள்.

தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பொடிசு கடைக்குப் போன் செய்யும். அந்தப் பத்து நிமிஷத்துக்கு முதலாளி யாரையும் பின்னறைக்குள் விடமாட்டார். பல்லிக்குப் பயந்தவர் ஆனாலும் அவ்வளவு மனசு உண்டு.

அன்றைக்கு அவள் மேஜையில் இருந்தது பொடிசின் புது லென்ஸ். பவர் கூடியிருந்தது. நாத்தனார்தான் கண் பரிசோதனைக்கு அழைத்துப்போய்ச் சீட்டைக் கொடுத்தனுப்பியிருந்தாள். இரண்டு கருவிழிக்கும் நடுவே உள்ள தூரம், போன தடவை ஐம்பத்து மூன்று மில்லிமீட்டர். அது அவளே அளந்தது, மூக்கோடு மூக்கு உரச உட்கார்ந்து, சிரிக்காதே என்று அதட்டி அதட்டி அளந்தது. சீட்டில் ஐம்பத்து நாலு என்றிருந்தது. யாரோ முகம் தெரியாதவர் எழுதியது. மகள் ஒரு மில்லிமீட்டர் வளர்ந்திருந்தாள்.

"அம்மா, ஃபிரேம் என்ன கலர்?"

"நீ கேட்ட நீலம்தான். நாளைக்கு அத்தைகிட்டக் கொடுத்தனுப்பறேன்."

"நீ வரலையா?"

"வேலை இருக்குடா கண்ணு. ஞாயித்துக்கிழமை வரேன்."

"அம்மா, இன்னிக்கு டீச்சர் என்ன சொன்னாங்க தெரியுமா? எனக்கு..." பேச்சு நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. ஒருமுறை விழுங்குகிற சத்தம். கண்ணாடிக்காரியின் முதுகு நிமிர்ந்தது. அந்த அமைதி அவளுக்குத் தெரியும்.

"அம்மா, ஒரு நிமிஷம் இரு."

ஓடுகிற காலடி. கதவு. தாழ்ப்பாள். பிறகு குழாய், பெரிதாக.

அத்தை வீட்டில் அதற்கெல்லாம் அவசியமில்லை. அங்கே வந்த முதல் வாரத்திலேயே நாத்தனார் அந்தப் பழக்கத்தை மாற்றியிருந்தாள். "இங்க குழாயும் வேண்டாம், தாழ்ப்பாளும் வேண்டாம். அத்தைன்னு ஒரு குரல் கொடு, போதும்" என்று சொல்லியிருந்தாள், ஒரு வருஷமாகப் பிள்ளையும் அப்படித்தான் செய்துவந்தது. இன்றைக்கு அத்தையைக் கூப்பிடவில்லை. கையில் போன் இருந்தது, போனில் அம்மா இருந்தாள். அதனால் குழாயைத் திறந்தது.

கண்ணாடிக்காரிக்கு எல்லாம் விளங்கியது. வெளியே இறங்கினால் பத்து நிமிஷ நடை. போய் நிற்கலாம். கதவுக்கு வெளியிலாவது நிற்கலாம். அதுவும் வேண்டாம், போனைக் காதில் வைத்துக்கொண்டு, அம்மா இருக்கேன்டா, நீ எடு, அம்மா இங்கேயே இருக்கேன் என்று நாலு வார்த்தை சொல்லலாம். வாயைத் திறந்தாள். உள்ளங்கை வியர்த்துப் போன் வழுக்கியது. கை தானாக நீண்டு போனைத் தன்னிடமிருந்து எட்டப் பிடித்தது. தண்ணீர்ச் சத்தம் அங்கிருந்தும் சன்னமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. போன் பிடித்த கையைத் தூரத்தில் நீட்டியபடி, கண்ணை மூடிக்கொண்டு அவள் நின்றாள்.

குழாய் நின்றது. மெல்லப் போனைக் காதுக்குக் கொண்டுவந்தாள்.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்."

"கை கழுவப் போனேம்மா. மை ஒட்டிக்கிட்டு இருந்துது." குரல் கம்மியிருந்தது. ஆனாலும் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு பேசியது. "வயிறெல்லாம் நல்லா இருக்கு."

அவள் கேட்கவே இல்லை. கேட்பதற்கு முன்பே பதில் வந்துவிட்டது.

"சரிடா கண்ணு. அம்மாவுக்கு வேலை வந்துடுச்சு. வெச்சுடட்டுமா?"

"சரிம்மா."

போனை வைத்துவிட்டு, நீல ஃபிரேமுக்கான லென்ஸை எடுத்து மெஷினில் பொருத்தினாள். ஐம்பத்து நாலு என்று ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தாள். பிறகு தண்ணீரைத் திறந்துவிட்டாள்.